எம்டனின் மேல்தளத்திலிருந்து தெரியாத சென்னை: ஜெர்மானியச் சிப்பாயின் பார்வையில் அமைந்த போர்ப்படங்களும் மெய்ம்மையும்

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் எட்வர்ட் பெர்கர் இயக்கிய ஜெர்மானியப் படமொன்றைப் பார்த்தோம். ரெமார்க்கின் ‘மேற்கு முனையில் அமைதி நிலவுகிறது’ என்னும் பொருள்படும் தலைப்புக்கொண்ட நாவலின் 2022ஆம் ஆண்டுத் திரையாக்கம் அது. படம் முடிந்ததும் முதுகலை மாணவர் ஒருவர், “போர் என்றால் இதுதான், இப்படித்தான் நடந்திருக்கும்” என்றார். எவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. மறுநாள் காலை கட்கி போர்க் கல்லறையின் மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வாக்கியம் என்னை உறுத்தத் தொடங்கியது. ‘இப்படித்தான்’ என்பது யாருக்கு இப்படித்தான்? எந்த இடத்தில் நின்று பார்த்தவருக்கு?

நான் திரைப்பட ஆய்வாளன் அல்லன். மொழியியல் பயின்றவன், பல மொழிகள் ஒலிக்கும் திரைப்படங்களில் வசனமொழி எவ்வாறு தெரிவுசெய்யப்படுகிறது என்பதை ஆய்ந்து வருபவன். எனவே இங்கே கூறப்போவனவற்றில் ஒரு பகுதி என் துறை சார்ந்தது. எஞ்சியது வரலாற்று மாணவனின் ஐயம்.

1

முதலில் நான் வசிக்கும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். புணேயின் வடபகுதியிலுள்ள கட்கி, ஆங்கிலேயர் நாவில் ‘கிர்க்கி’ ஆன படைமுகாம் நகரம். 1817 நவம்பர் 5 அன்று பேஷ்வாவின் படையும் கிழக்கிந்தியக் கும்பினியின் படையும் மோதிய களம் இதுவே. பின்னர் வெடிமருந்துத் தொழிற்சாலையும் பம்பாய் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படைப்பிரிவின் தலைமையகமும் இங்கே வேரூன்றின. இங்குள்ள போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போரில் இறந்த காமன்வெல்த் நாட்டவர் 1,668 பேரின் கல்லறைகள் உள்ளன. முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் இறந்து வெவ்வேறு ஊர்களில் புதைக்கப்பட்ட 1,800க்கும் மேற்பட்ட வீரர்களுக்கும், இரண்டாம் போரின்போது இந்திய மண்ணில் இறந்த ஏறத்தாழ 200 கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்க வீரர்களுக்கும் அங்கேயே நினைவுச்சின்னங்கள் உண்டு.

கட்கியிலிருந்து புறப்பட்ட சாப்பர்கள் சிலருடைய பெயர்களைத் தேடுவோர் பிரான்சுக்குச் செல்ல வேண்டும். 1914 அக்டோபர் 28 அன்று, அப்போது ‘மூன்றாம் சாப்பர்கள், மைனர்கள்’ என்று அழைக்கப்பட்ட இப்படைப்பிரிவின் 20ஆம், 21ஆம் கம்பெனிகள், 47ஆம் சீக்கியப் படையுடன் சேர்ந்து நவ்ஷாப்பெல் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரை ஜெர்மானியரிடமிருந்து மீட்க முயன்றன. பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் அன்று காலாட்படையாக அனுப்பப்பட்டனர். வீடுவீடாகச் சண்டை நடந்தது. ஊரின் ஒரு பகுதி கைக்கு வந்தது, பின்னர் கையை விட்டும் போனது. அவ்விரு கம்பெனிகளின் ஆங்கிலேய அதிகாரிகள் அனைவரும் மடிந்தனர் அல்லது காயமுற்றனர். அதே ஊரில் 1927இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில், புதைகுழி அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அந்த 1914 அக்டோபர் 28ஆம் நாளை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் அந்நாளுக்குத் திரும்புவோம்.

2

ஜெர்மானியச் சிப்பாயை நடுவில் நிறுத்திய போர்ப்படங்களின் மரபு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீளமுடையது. 1930இல் இரு படங்கள் வெளிவந்தன. ஒன்று, ரெமார்க்கின் நாவலைக்கொண்டு லூயிஸ் மைல்ஸ்டோன் அமெரிக்காவில் எடுத்தது. மற்றொன்று, பாப்ஸ்ட் ஜெர்மனியில் எடுத்த ‘வெஸ்ட்ஃபிரன்ட் 1918’. மைல்ஸ்டோனின் படம் அவ்வாண்டு டிசம்பரில் பெர்லினில் திரையிடப்பட்டபோது கெப்பெல்ஸ் தலைமையில் நாஜிகள் அரங்கில் கலகம் செய்தனர். சில நாள்களிலேயே அது ஜெர்மனியில் தடைசெய்யப்பட்டது. ஜெர்மானிய வீரன் அஞ்சுகிறான், பசிக்கிறான், பொருளின்றிச் சாகிறான் என்று காட்டுவதே அன்று தேசத்துரோகமாகக் கருதப்பட்டது. ஆகவே இவ்வகைப் படங்களின் யதார்த்தம் தொடக்கத்தில் துணிவுமிக்கதோர் அரசியற்செயலாக இருந்தது என்பதை மறத்தல் கூடாது.

இரண்டாம் போருக்குப்பின் இம்மரபு வேறு வடிவம் எடுத்தது. பெர்ன்ஹார்ட் விக்கியின் ‘பாலம்’ (1959) போரின் இறுதி நாள்களில் பயனற்ற ஒரு பாலத்தைக் காக்க நிறுத்தப்பட்ட ஏழு பள்ளிச் சிறுவர்களைக் காட்டியது. வொல்ஃப்காங் பீட்டர்சனின் ‘தாஸ் போட்’ (1981) நீர்மூழ்கிக் கப்பலின் இடுங்கிய உடலுக்குள் பார்வையாளரை அடைத்தது. ஜோசஃப் வில்ஸ்மையரின் ‘ஸ்டாலின்கிராட்’ (1993) பனியில் உறைந்து அழியும் படையொன்றைப் பின்தொடர்ந்தது. 2022இல் பெர்கரின் படம் வந்தது. மறு ஆண்டு நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

இப்படங்களை ‘யதார்த்தமானவை’ என்று பாராட்டும்போது நாம் ஒரே சொல்லால் பல வேறு பண்புகளைக் குறிக்கிறோம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குறைந்தது நான்கு அடுக்குகள் தென்படுகின்றன: பொருள்களின் மெய்ம்மை, உடலின் மெய்ம்மை, மொழியின் மெய்ம்மை, சட்டகத்தின் மெய்ம்மை. முதல் மூன்றிலும் இப்படங்கள் வியக்கத்தக்க வெற்றி பெற்றுள்ளன. நான்காவதே என் கேள்வி.

3

பொருள்களின் மெய்ம்மைக்குச் சிறந்த சான்று பெர்கர் படத்தின் தொடக்கம். இறந்த சிப்பாயின் சீருடை களையப்படுகிறது, பெருங்கொப்பரைகளில் அலசப்படுகிறது, பெண்கள் தையற்பொறிகளில் குண்டு துளைத்த இடங்களை ஒட்டுப்போடுகின்றனர், அதே சீருடை புதிதாகச் சேரும் இளைஞனிடம் வருகிறது. கழுத்துப்பட்டையில் வேறொருவன் பெயர் இருப்பதைக் கண்டு அவன் வினவும்போது, அளவு பொருந்தாததால் திருப்பித் தந்திருப்பார்கள் என்று கூறி அந்தப் பெயர்ச்சீட்டு கிழித்தெறியப்படுகிறது. போரை ஓர் ஆலையாகக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

ஆனால் அதே படத்தின் முடிவைக் கருதுக. நாவலில் பவுல் 1918 அக்டோபரில், குறிப்பிடத்தக்க எதுவும் நிகழாத ஒரு நாளில் இறக்கிறான். அவனுடைய சாவு எவருக்கும் செய்தியாகவில்லை என்பதே அங்கு அறம். படத்திலோ, நவம்பர் 11 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வரும் வேளையை ஒட்டி, வெறிகொண்ட தளபதி ஒருவன் ஆணையிடும் இறுதித் தாக்குதலில் அவன் மடிகிறான். சேறும் துருவும் துல்லியமாக இருக்க, நிகழ்வு மட்டும் நாடகமாகிவிட்டது. பொருள்கள் மெய்யாக இருப்பதால் நிகழ்வும் மெய்யென்று நம்பிவிடுகிறோம். மாணவர் சொன்ன ‘இப்படித்தான்’ இங்கிருந்தே பிறக்கிறது.

உடலின் மெய்ம்மையில் ‘தாஸ் போட்’ உச்சம். கப்பலின் உட்புறத்தை உண்மை அளவிலேயே அமைத்து, அதன் குறுகிய வழியில் யோஸ்ட் வக்கானோ கையிலேந்திய ஒளிப்பதிவுக் கருவியுடன் ஓடியே படம்பிடித்தார். நீர்மூழ்கிகளில் பணியாற்றிய ஏறத்தாழ 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் மீளவில்லை என்ற செய்தியோடு படம் தொடங்குகிறது. அதைக் கண்டபின், அக்கப்பல் மூழ்காதிருக்க வேண்டுமென்று நாமும் வேண்டிக்கொள்கிறோம். அது எதற்காகக் கடலில் இருக்கிறது என்பது நினைவில் பின்னுக்குச் செல்கிறது. ஒரே ஒரு காட்சியில் மட்டும் அந்த மறதி கலைகிறது. எரியும் எண்ணெய்க் கப்பலிலிருந்து மனிதர்கள் கடலில் குதிக்கின்றனர். அவர்களை மீட்க இயலாதென்று தலைவன் கப்பலைப் பின்வாங்கச் செய்கிறான். எதிரியின் முகம் அந்த ஒரு கணத்தில் தீயின் ஒளியில் தோன்றி மறைகிறது.

4

இனி மொழி. பார்வையாளர் பெரும்பாலும் கவனியாத அடுக்கு இது. ஆனால் மெய்ம்மை பற்றிய முடிவுகள் பலவும் இங்கேதான் எடுக்கப்படுகின்றன.

மைல்ஸ்டோன் படத்தில் ஜெர்மானியர் அனைவரும் அமெரிக்க ஆங்கிலம் பேசுகின்றனர். இதை மொழிப் பதிலீடு எனலாம்: ஜெர்மனின் இடத்தில் ஆங்கிலம் நிற்கிறது, பார்வையாளர் அதை ஜெர்மனாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆயின் அதே படத்தில் பிரெஞ்சுப் பெண்கள் பிரெஞ்சே பேசுகின்றனர். பதிலீடு நாயகர்களுக்கு மட்டுமே. அயலார் அயலாராகவே ஒலிக்கின்றனர். குண்டுக்குழியில் பவுலால் குத்தப்பட்டு மெல்லச் சாகும் பிரெஞ்சு வீரனோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. யாருடைய மொழி நமக்குப் புரியும்படி மாற்றப்படுகிறதோ அவர் ‘நாம்’ ஆகிறார். பகையின் எல்லை இங்கே இலக்கணத்தால் வரையப்படுகிறது.

பாப்ஸ்ட் அதே ஆண்டில் வேறு வழி கண்டார். அவருடைய படத்தில் ஜெர்மானியர் ஜெர்மனும் பிரெஞ்சியர் பிரெஞ்சும் பேசுகின்றனர். இறுதியில் கள மருத்துவமனையில், அருகில் கிடக்கும் பிரெஞ்சு வீரன் இறந்துபோன ஜெர்மானியனின் கையைப் பற்றிக்கொண்டு, பகைவனல்லன் தோழன் என்ற கருத்தைத் தன் மொழியிலேயே சொல்கிறான். கேட்க வேண்டியவன் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் புரிந்திருக்குமா என்பது ஐயமே. மொழித்தடையை நீக்காமலே, அதையே பொருளாக்கிய காட்சி இது.

‘தாஸ் போட்’ மற்றொரு நுட்பத்தைக் கையாண்டது. ஜெர்மன் பேசும் நிலப்பரப்பின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து நடிகர்கள் தெரிவுசெய்யப்பட்டமையால், ஒரே கப்பலுக்குள் பல வட்டார வழக்குகள் ஒலிக்கின்றன. நெல்லையும் நாகர்கோவிலும் கொங்கும் தஞ்சையும் ஒரே அறையில் அடைபட்டால் எப்படியிருக்குமோ அப்படி. ஆங்கில வடிவத்துக்குப் பெரும்பாலும் அதே நடிகர்களே குரல் கொடுத்தனர். எனினும் அந்த வழக்கு வேறுபாடுகள் அங்கே கரைந்து பொதுவான ‘ஜெர்மானிய உச்சரிப்பு’ மட்டுமே எஞ்சுகிறது. துணையுரையோடு பார்க்கும் நமக்கும் அதே இழப்புதான். ஹிட்லரின் இறுதி நாள்களைக் காட்டும் படத்தில் (2004) நடித்த புரூனோ கன்ஸ், மேடைப் பேச்சுகளை விடுத்து, 1942இல் பின்லாந்தில் பதிவான தனியுரையாடல் ஒன்றைக் கேட்டே அக்குரலைப் பயின்றார். உரத்த குரல் அனைவரும் அறிந்தது. தாழ்ந்த குரல்தான் மெய்யென்று நம்பவைத்தது.

5

நான்காவது அடுக்கான சட்டகத்துக்கு வருவோம். படச்சட்டத்தின் விளிம்பு எங்கே முடிகிறது? எதிரே இருப்பவர் யார்?

இதை ஆராய நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. ஜெர்மானியர் பார்வையில் சொல்லப்பட்ட போர்க்கதைகளுள் ஒன்றின் எதிர்முனையில் நம் ஊரே இருக்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவு. கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான எம்டன் என்னும் இலகு போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. மூன்று புகைபோக்கிகளே உடைய அக்கப்பல், ஆங்கிலேயக் கப்பலாகத் தோன்றும் பொருட்டுத் தேவைப்பட்டபோது நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொள்ளும். நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. கரையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் நின்று, தேடொளியைப் பாய்ச்சி, பர்மா எண்ணெய்க் கும்பினியின் தொட்டிகளைக் குறிவைத்து ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு, அரைமணி நேரத்துக்குள் இருளில் மறைந்தது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலும் தாக்குண்டது. உயிரிழந்தோர் மிகச் சிலரே. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் பல்லாயிரவர் நகரை விட்டு வெளியேறினர். உயர் நீதிமன்ற வளாக மதிலில் அந்நிகழ்வைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் உள்ளது.

இத்தாக்குதலின் நோக்கம் குறித்து முல்லரே பதிவுசெய்துள்ளார். இந்திய மக்களிடையே ஆர்வத்தைத் தூண்டுவது, ஆங்கிலேயரின் வணிகத்தைக் குலைப்பது, அவர்தம் மதிப்பைத் தாழ்த்துவது ஆகியவற்றுக்கான ஒரு செயல்விளக்கமே அது என்பது அவர் கூற்றின் சாரம். அதாவது, சென்னையில் இருந்தவர்கள் அந்நிகழ்ச்சியின் பார்வையாளராகவே கருதப்பட்டனர்.

எம்டனின் கதையைத் திரைப்படமாக்குவதில் ஜெர்மானியர் காட்டிய ஆர்வம் பெரிது. லூயிஸ் ரால்ஃப் 1926இல் ‘நம் எம்டன்’ என்னும் மௌனப்படத்தை எடுத்தார். ஜெர்மானியக் கடற்படை அதற்கு ஒத்துழைத்தது. அக்கப்பலில் பணியாற்றி உயிர்தப்பியவர் சிலரும் அதில் தோன்றினர். மெய்ம்மைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நடந்தவற்றைச் செய்தவர்களே திரையில் மீண்டும் செய்கின்றனர். அப்படத்தை ஆஸ்திரேலியாவில் வெளியிட்டபோது அங்குள்ள விநியோகத்தரப்பு நிறைவடையவில்லை. எம்டனை 1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே வீழ்த்தியது ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலன்றோ? ஆகவே கென் ஹால் ஆஸ்திரேலியக் கடற்படையின் துணையோடு புதிய காட்சிகளை எடுத்து இணைக்க, 1928இல் படம் வேறு வடிவில் வெளிவந்தது. ஜெர்மனியில் 1932இல் ரால்ஃப் அதனை ஒலியோடு புதுப்பித்தார். 2012இல் பெரெங்கர் ஃபால், எம்டனிலிருந்து கரையிறங்கிய சிறுகுழுவொன்று அயேஷா என்னும் பாய்க்கப்பலிலும் பின்னர் அரபு நிலத்தின் வழியாகவும் தாயகம் திரும்பிய கதையைப் படமாக்கினார்.

ஆஸ்திரேலியர் செய்ததை எண்ணிப் பார்க்கிறேன். எதிரியின் படத்தில் தங்கள் தரப்பு இல்லை என்று கண்டவுடன், கருவியை எடுத்துச்சென்று தங்கள் பகுதியைத் தாங்களே படம்பிடித்து ஒட்டிவிட்டனர். தங்களுக்கென்று கடற்படையும் திரைத்தொழிலும் கொண்ட நாட்டால் அது இயன்றது. சென்னைக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. தன் கடற்கரையில் யார் யாரைச் சுடுவது என்பதே அன்று அதன் கையில் இல்லை.

6

இங்கே ஒரு மறுப்பு எழலாம், எழ வேண்டும். எம்டனின் பீரங்கியருகே நின்றவனுக்குச் சென்னை எப்படித் தெரிந்திருக்கும்? விளக்குகளின் வரிசை, வெண்ணிறத் தொட்டிகள், பின்பு தீ. மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு முகமும் தெரியாது. ஆகவே அவன் பார்வையில் எடுக்கப்படும் படத்தில் சென்னைவாசியின் முகம் இல்லாதிருப்பதுதானே நேர்மை? முகத்தைக் காட்டினால் அதுவன்றோ பொய்?

இம்மறுப்பு வலுவானது. அனுபவ மெய்ம்மை என்ற அளவில் அது முற்றிலும் சரி. சிப்பாய் காணாததைக் காட்டாத படம் சிப்பாய்க்கு உண்மையாக இருக்கிறது. ஆனால் அந்தக் காணாமை இயற்கையாக அமைந்ததன்று; தொலைதூரப் பீரங்கி என்னும் கருவியும், வணிகப் போர் என்னும் உத்தியும், பேரரசு என்னும் அமைப்பும் சேர்ந்து உண்டாக்கியது. அதைக் காரணமாகக் காட்டாமல் வெறும் காட்சியாகக் காட்டும்போது, அனுபவ மெய்ம்மை வரலாற்று மெய்ம்மையின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ‘யதார்த்தம்’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவதே நம் குழப்பத்தின் வேர்.

முல்லரின் பெருந்தன்மை மெய்யானது. பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைக் கொல்லாமல் விடுவித்தார். ஆங்கிலேய ஏடுகளே அவரைப் பண்பாளர் என்றன. சிப்பாயின் துயரமும் மெய்யானது. ஆனால் இரண்டாம் போருக்கு வரும்போது இந்த ‘நல்ல எதிரி’ என்னும் உருவம் அபாயகரமாகிறது. போரில் துன்புற்ற எளிய சிப்பாய், குற்றமெல்லாம் மேலிடத்தது என்ற கதை போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் பல்லாண்டுகள் நிலவியது. 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஏற்பாடு செய்த கண்காட்சி, கிழக்கு முனையில் இனப்படுகொலைகளில் இராணுவத்துக்கு இருந்த பங்கைப் பொதுமக்கள் முன் வைத்தபோது நாடே கொந்தளித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வெளிவந்த ‘ஸ்டாலின்கிராட்’ படத்தில் குடிமக்களைச் சுட்டுக்கொல்லும் காட்சி உண்டு. ஆயினும் பார்வையாளர் மனத்தில் தங்குவது பனியில் உறையும் ஜெர்மானியனே. பனி மெய், உறைதல் மெய். ஆனால் அவன் அங்கே வந்த வழியில் எரிந்த ஊர்கள் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைக் காண எலெம் கிளிமோவின் ‘வந்து பார்’ (1985) படத்துக்குச் செல்ல வேண்டும். பெலாரசில் குடிமக்களோடு எரிக்கப்பட்டவை 628 ஊர்கள் என்று அப்படத்தின் முடிவு கூறுகிறது.

7

மீண்டும் அக்டோபர் 28க்கு வருவோம். கட்கியின் சாப்பர்கள் நவ்ஷாப்பெலின் தெருக்களில் மடிந்துகொண்டிருந்த அதே நாளில், எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும், வெளியேறும் வழியில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. ஒரு நிகழ்வு வீரகாவியமாகிப் பலமுறை படமாயிற்று. மற்றொன்றை நான் குறிப்பிட்ட முதல் உலகப்போர்ப் படங்கள் எதிலும் காண முடியவில்லை. அவற்றில் ஜெர்மானியனின் எதிரே நிற்பவன் பிரெஞ்சுக்காரன் அல்லது ஆங்கிலேயன். தலைப்பாகை அணிந்தவன் இல்லை. மேற்கு முனைக்குச் சென்ற இந்தியப் படையை எதிர்கொண்ட ஜெர்மானியர் அவர்களைக் கண்டிருக்கிறார்கள். இருபதடி தொலைவில் கண்டிருக்கிறார்கள். எனவே இங்கே தொலைவு என்ற சமாதானமும் செல்லாது. அனுபவ மெய்ம்மையே இங்கு தவறுகிறது.

முரண் என்னவெனில், திரை காட்டாதவர்களின் குரலை ஜெர்மனியே பாதுகாத்து வைத்திருக்கிறது. 1915 முதல் 1918 வரை வில்ஹெல்ம் டோகனின் முன்முயற்சியில் இயங்கிய பிரஷ்ய ஒலிப்பதிவுக் குழு, போர்க்கைதி முகாம்களுக்குச் சென்று ஏறத்தாழ 250 மொழிகளையும் வழக்குகளையும் இசைத்தட்டுகளில் பதிந்தது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் இருந்த ‘பிறைநிலா முகாமில்’ இந்தியக் கைதிகளும் இருந்தனர். பதிந்தவர்கள் என் துறையின் முன்னோர்கள். அவர்களுக்கு வேண்டியது ஒலியன்களும் இலக்கணமுமே, பேசியவரின் பொருளன்று. ஆயினும் 1916 டிசம்பரில் மல் சிங் என்னும் பஞ்சாபிச் சிப்பாய், ஒருவனைப் பற்றிய கதைபோலப் படர்க்கையில் தன் நிலையைக் கூறினார்: ஊரில் வெண்ணெய் உண்டு வளர்ந்த ஒருவன் ஐரோப்பியப் போருக்குள் வந்து சிக்கிக்கொண்டான், மீண்டும் ஊர் திரும்ப விரும்புகிறான் என்பது அதன் சாரம். ஏறத்தாழ ஒன்றரை நிமிடமே நீளும் அக்குரலைத் தேடிச் சென்ற பிலிப் ஷெஃப்னர் 2007இல் ‘பிறைநிலாக் கோப்புகள்’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். பல இடங்களில் திரை இருண்டிருக்க, குரல் மட்டும் ஒலிக்கிறது. உருவம் இல்லாத இடத்தில் உருவத்தைப் புனையாமல் விட்ட அந்த இருளைத்தான் நான் கண்ட படங்களுள் மிக மெய்ம்மையான சட்டகமாகக் கருதுகிறேன்.

இன்னொரு புதிரும் உண்டு. இரண்டாம் போரில் ஜெர்மானியச் சீருடை அணிந்த இந்தியர் ஏறத்தாழ 3,000 பேர் இருந்தனர். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டுப் பின்னர் சுபாஷ் சந்திர போஸின் முயற்சியால் திரட்டப்பட்ட இந்தியப் படையணியினர் அவர்கள். நெதர்லாந்திலும் பிரான்சின் அட்லாண்டிக் கரையிலும் நிறுத்தப்பட்டனர். 1944இல் அப்படையணி வாஃபன் எஸ்எஸ் அமைப்பின்கீழ் கொண்டுவரப்பட்டது. ‘ஜெர்மானியச் சிப்பாயின் பார்வை’ என்று சொல்லும்போது இவர்களை எங்கே வைப்போம்? இவர்களைப் பற்றி மெய்ம்மையான படம் எடுப்பவர் வசனத்தை எம்மொழியில் எழுதுவார்? படைமுகாமின் இந்துஸ்தானியும் ஆணையிடும் ஜெர்மனும் தாய்மொழிகளும் கலந்த அவ்வுலகைத் தேசிய வீரகாவியமாகவோ துரோகக் கதையாகவோ சுருக்காமல் காட்டுவது எளிதன்று. விடையில்லாத வினாவாகவே இதை வைக்கிறேன்.

8

சென்னை தன் பக்கத்தைப் படமாக்கவில்லை என்றேன். ஆனால் வேறொன்று செய்தது: சொல்லாக்கியது.

‘எம்டன்’ என்றால் தமிழில் சூழ்ச்சித்திறன் மிக்கவன், பொல்லாதவன், கண்டிப்பு மிகுந்தவன். மலையாளத்தில் ‘எமண்டன்’ என்றால் மிகப் பெரியது. சிங்களத்திலும் தந்திரசாலியைக் குறிக்க இச்சொல் வழங்குகிறது. ஒரே கப்பலிலிருந்து மூன்று மொழிகள் மூன்று பொருட்சாயல்களை எடுத்துக்கொண்டன. இச்சொல்லில் வெறுப்பு குறைவு. அச்சம் கலந்த வியப்பே மிகுதி. ஆள்பவனை ஓர் இரவேனும் திகைக்கவைத்தவன்மீது ஆளப்படுவோர் கொண்ட மறைமுக மகிழ்ச்சியும் அதில் உறைந்திருக்கலாம். செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்ற கதை இன்றும் பரவலாக நம்பப்படுகிறது. அவர் அக்காலத்தில் ஐரோப்பாவில் இயங்கிக்கொண்டிருந்தார் என்பதே வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்பது. ஆயினும் அக்கதையைப் பொய்யென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. எதிரியின் மேல்தளத்தில் நம்மவர் ஒருவரை நிறுத்திப் பார்க்க விழைந்த சமூகத்தின் கற்பனை அது. ஆஸ்திரேலியர் படச்சுருளால் செய்ததை நம்மவர் வதந்தியால் செய்தனர்.

2006இல் ‘எம்டன் மகன்’ என்று பெயரிடப்பட்ட படம், தமிழ்த் தலைப்புகளுக்கு அரசு வரிவிலக்கு அறிவித்தபின் ‘எம் மகன்’ ஆயிற்று. 92 ஆண்டுகள் தமிழர் நாவில் புழங்கிய சொல்லுக்குத் தமிழ் என்னும் தகுதி கிடைக்கவில்லை. மொழியியல் மாணவனாகிய நான் இதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். சிறுவயதில் குறும்பு செய்தபோதெல்லாம் “சரியான எம்டன்டா நீ” என்று என் பாட்டி அதட்டியது நினைவுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அச்சொல் எங்கிருந்து வந்ததென்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. அவருடைய பெற்றோர் தலைமுறையில் சென்னையை விட்டு மூட்டைமுடிச்சுகளோடு ஓடியவர் எவரேனும் இருந்தனரா என்பதை இனிக் கேட்கவும் வழியில்லை.

எனவே அந்த மாணவருக்கு என் தாமதமான மறுமொழி இது. தம்பி, படத்தில் கண்ட சேறும் அச்சமும் மெய்தான். அவற்றை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு போர்ப்படத்தைப் பார்த்தபின்னும் மூன்று கேள்விகளை எழுப்பிப் பார். யாருடைய மொழி எனக்குப் புரியும்படி ஆக்கப்பட்டது? சுடுபவனின் குண்டு எங்கே போய் விழுந்தது? விழுந்த இடத்தைக் காட்டாதிருப்பதற்குச் சிப்பாயின் கண் காரணமா, எடுத்தவரின் தெரிவு காரணமா? இக்கேள்விகளை ஜெர்மானியப் படங்களுக்கு மட்டும் வைக்காதே. நம் நாட்டில் எடுக்கப்படும் போர்ப்படங்களுக்கும் வை.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1914 செப்டம்பரில் சென்னையை விட்டு வெளியேறிய குடும்பங்களின் நினைவுகள், கடிதங்கள், நாட்குறிப்புகள், வாய்மொழிக் கதைகள் எவையேனும் உங்கள் வீடுகளில் இருப்பின் குறித்து வையுங்கள், இயன்றால் பகிருங்கள். மூத்தோர் இருப்பின் இன்றே கேளுங்கள். பிழைகள் இருப்பின் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.